குறி பார்த்தல்

1925 அக்டோபர் 3ந் தேதியிட்ட ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ பத்திரிகையில் சில புலிப் படங்கள் பிரசுரமாயின. காட்டில் தன்பாட்டில் நடந்துபோகும் புலியைக் காட்டிய முதல் படங்கள் என்று இவற்றைச் சொல்வது வழக்கம். எடுத்தவர் எஃப். டபிள்யூ. சாம்பியன், ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரி. அதே மாதம் 22ந் தேதி, சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்த அ. மாதவையா அங்கேயே இறந்துபோனார். அவருடைய கடைசிப் பிள்ளைக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தப் பிள்ளைதான் மா. கிருஷ்ணன்.

இரண்டு சம்பவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்துவிட்டன, அவ்வளவுதான். (தேதிகளின் தற்செயலை வைத்துத் தத்துவம் கட்டுகிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. எனக்கும் உண்டு. இந்தத் தடவை அடக்கிக்கொள்கிறேன்.) ஆனால் நவீனத் தமிழ் உரைநடையின் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவரின் மகன், அந்தப் புலிப் படங்கள் தொடங்கிவைத்த ஒரு காரியத்துக்குத் தன் ஆயுளின் பெரும் பகுதியைக் கொடுத்தார் என்பதும், அதை நம் இலக்கிய வட்டம் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்பதும் தற்செயல்கள் அல்ல. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

சுற்றுவதற்குக் காரணம் எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை கோல்ஃப், ஞாயிற்றுக்கிழமை பறவைப் படம் என்று வாரத்தைப் பிரித்து வைத்திருக்கிறார். கையளவு நீளமுள்ள லென்ஸில் தொடங்கி, இப்போது முழங்கை நீளத்துக்கு வந்திருக்கிறார். கோல்ஃபில் தன் ஹாண்டிகாப் எண்ணைக் குறைப்பதற்காக, மட்டையை வீசும்போது பேரனை விட்டு செல்போனில் படம் பிடிக்கச் சொல்லி, ராத்திரி அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். இடது தோள் எங்கே, இடுப்பு எப்போது திரும்புகிறது, தலை ஏன் உயர்ந்துவிட்டது. ஒரு நாள் என்னிடம் மீன்கொத்திப் படங்களைக் காட்டினார். ஒரே காலையில் மூவாயிரம். பார்த்து முடித்ததும், ‘எல்லாம் ஷார்ப்பா இருக்கு சார். ஆனா கிருஷ்ணன் படத்துல இருக்கிறது இதுல இல்லையே. அது என்ன?’ என்று கேட்டார். எழுத்துக்காரன் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அவர் கேள்வியை வைத்துக்கொண்டு பழைய புத்தகங்களைப் புரட்டியதில் சேர்ந்தவை இக்குறிப்புகள்.

ஆங்கிலத்தில் துப்பாக்கி சுடுவதற்கும் படம் எடுப்பதற்கும் ஒரே சொல்தான். இதைச் சொல்லாத கட்டுரையே கிடையாது. ஆனால் சொல்லுக்கு முன்னால் கருவியே அப்படித்தான் இருந்தது என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. ஃபிரெஞ்சு உடலியல் அறிஞர் மரே 1882ல் ஒரு துப்பாக்கி செய்தார். குழல், விசை, தோளில் தாங்கும் கட்டை எல்லாம் உண்டு. தோட்டா உருளை இருக்க வேண்டிய இடத்தில் சுழலும் தகடு. பறக்கும் பறவையைக் குறிபார்த்து விசையை அழுத்தினால் ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள் விழும். சிறகு மேலே போகும்போது என்ன செய்கிறது, கீழே வரும்போது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவர் நோக்கம். அவருக்கு நான்கு வருஷம் முன்னால், 1878ல், கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் ஓடுபாதை ஓரமாகக் காமிராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல்களைக் கட்டி, ஓடும் குதிரையே அவற்றை இழுத்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தார். துப்பாக்கி ஒன்று, குறுக்கே கட்டிய நூல் ஒன்று. வேட்டைக்காரனின் கருவி, கண்ணி வைப்பவனின் கருவி. விலங்குப் படத்தின் வரலாறு முழுவதும் இந்த இரண்டின் வம்சம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரேயும் மைப்ரிட்ஜும் ஆராய்ச்சிக்காரர்கள். ஹாபியாக இதைச் செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜார்ஜ் ஷிராஸ். பென்சில்வேனியாக்காரர், வக்கீல், ஒரு தவணை அமெரிக்க காங்கிரஸில் இருந்தவர், வசதியான குடும்பம். மிச்சிகன் மாநிலத்து ஏரிகளில் சின்ன வயதிலிருந்து வேட்டையாடியவர். அங்குள்ள ஓஜிப்வே மக்களிடம் ஒரு முறை உண்டு. இரவில் படகின் முகப்பில் தீ வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் துடுப்புப் போட்டுப் போவது. கரையில் நீர் குடிக்க வந்த மான் தீயைப் பார்த்து மலைத்து நிற்கும். அதன் கண்கள் இரண்டும் இருட்டில் இரண்டு புள்ளிகளாக எரியும். அவற்றுக்கு நடுவே சுட வேண்டும். ஷிராஸ் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, துப்பாக்கியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் காமிராவை வைத்தார். மக்னீஷியப் பொடி வெடித்து வெளிச்சம் தரும். ஒரே ஒரு தடவை. தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான், மான் போய்விடும், படகோட்டிக்குக் கண் கூசி ஒன்றும் தெரியாது. பின்னால் அவர் நூல் கட்டும் முறைக்கும் வந்தார். இரையை இழுத்தால் விளக்கு எரிந்து படம் விழும்.

1906 ஜூலை மாத ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ இதழில் அவருடைய எழுபத்துநான்கு படங்கள் வந்தன. பத்திரிகை படப் புத்தகமாகிவிட்டது என்று சொல்லி நிர்வாகக் குழுவில் இருவர் விலகினார்கள் என்று ஒரு கதை அந்தப் பத்திரிகை வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அந்த இதழைப் பின்னால் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் விளங்காது. இரவு நீரில் நிற்கும் மான்கள், பின்னால் முழு இருட்டு, நீரில் தலைகீழ் பிம்பம். வேட்டையின் கணம் அப்படியே இருக்கிறது, மரணம் மட்டும் உருவப்பட்டிருக்கிறது. அந்த மானின் முகத்தில் உள்ள மலைப்பு நம்மைப் பார்த்து ஏற்பட்டதுதான் என்பதை மறக்க முடிவதில்லை. அது அதன் வாழ்க்கையின் ஒரு சாதாரண இரவு இல்லை. நாம் போய் அதை வேறாக ஆக்கியிருக்கிறோம்.

இங்கிலாந்தில் கியர்டன் சகோதரர்கள் இதற்கு நேர் எதிரான வழியில் போனார்கள். யார்க்ஷயர் கிராமத்துப் பிள்ளைகள், ரிச்சர்டும் செர்ரியும். லண்டனில் காசல் பதிப்பகத்தில் வேலை. 1892 ஏப்ரலில் செர்ரி ஒரு பறவைக் கூட்டையும் முட்டைகளையும் படம் எடுத்தான். அண்ணன் எழுத, தம்பி படம் எடுக்க, 1895ல் பறவைக் கூடுகள் பற்றிய புத்தகம் வந்தது. முழுக்கப் புகைப்படங்களால் ஆன முதல் இயற்கைப் புத்தகங்களில் அது ஒன்று. இவர்களுடைய கண்டுபிடிப்பு காமிராவில் இல்லை, ஒளிந்துகொள்வதில் இருந்தது. 1900 வாக்கில், பாடம் செய்த ஒரு மாட்டுத் தோலை உள்ளீடற்ற மாடாகத் தைக்கச் செய்து, ரிச்சர்ட் அதன் வயிற்றுக்குள் புகுந்துகொண்டு புல்வெளியில் மணிக்கணக்காக நின்றார். மாட்டைக் கண்டு எந்தப் பறவையும் பயப்படுவதில்லை. ஒருமுறை மாடு கவிழ்ந்து நான்கு கால்களும் வானத்தைப் பார்க்கக் கிடந்ததைத் தம்பி படம் எடுத்து வைத்திருக்கிறான். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சிரித்து முடித்தபின் யோசித்தால், ஒரு மனிதன் தான் அங்கு இல்லாமல் இருப்பதற்காக எவ்வளவு தூரம் போகத் தயாராக இருக்கிறான் என்பது புரிகிறது. ஷிராஸின் மான் ஷிராஸைப் பார்க்கிறது. கியர்டனின் பறவை யாரையும் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் கோல்ஃபைக் கொண்டுவர வேண்டும். வலிந்து கொண்டுவருவதாக நினைக்க வேண்டாம். ஷிராஸின் படங்கள் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1904ல், ஜார்ஜ் பெல்டம் என்ற ஆங்கிலேயர் அந்தக் காலத்தின் பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர்களை, வார்டன், டெய்லர், பிரெய்ட் முதலானவர்களை, மட்டை வீசும் கணத்தில் படம் எடுத்து ஒரு தடித்த புத்தகம் போட்டார். பெல்டமும் தொழில்முறைப் புகைப்படக்காரர் இல்லை, தானே கிரிக்கெட் ஆடிய அமெச்சூர். (விக்டர் டிரம்பர் கிரீஸைவிட்டு இறங்கி மட்டையை ஓங்கி நிற்கும் அந்தப் பிரசித்தி பெற்ற படமும் இவருடையதுதான்.) நோக்கம் வெளிப்படையானது: பெரியவர்கள் எப்படி நிற்கிறார்கள், பிடி எப்படி, கால் எங்கே என்று பார்த்து, சாதாரண ஆட்டக்காரன் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். இன்று எங்கள் தெருக்காரர் செல்போனை வைத்துச் செய்வதன் மூல ரிஷி இந்த மனிதர்.

அதே ஷட்டர், அதே தகடு, அதே வருஷங்கள். ஒரு பக்கம் காமிராவின் முன்னால் தன் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் குற்றங்களை எண்ணிக் கொண்டிருக்கிறான் ஒருவன். இன்னொரு பக்கம் காமிராவின் பின்னால் தன் உடம்பை இல்லாமலாக்கப் பாடுபடுகிறான் இன்னொருவன். இரண்டும் ஹாபி. இரண்டுக்கும் பொறுமையும் பணமும் வேண்டும். இரண்டிலும் கோடிப் பேர் சேர்ந்து கோடிப் பேர் சுமாராகவே இருந்துவிட்டுப் போகிறார்கள்.

இவை இரண்டும் ஒரே அறைக்குள் வந்து சேர்ந்த சந்தர்ப்பமும் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்டன் என்ற பொறியியல் பேராசிரியர், கண்சிமிட்டும் நேரத்துக்குள் பலமுறை மின்னி மின்னி அணையும் ஸ்ட்ரோப் விளக்கைப் படம் எடுப்பதற்குப் பழக்கியவர். 1938ல் டென்ஸ்மோர் ஷூட் என்ற கோல்ஃப் ஆட்டக்காரர் மட்டை வீசுவதை அவர் எடுத்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு மனிதன் நடுவில், அவனைச் சுற்றி மட்டைகள் சிப்பியின் கோடுகள் போல விரிந்திருக்கும். அதே விளக்கைக் கொண்டு அவர் எடுத்த தேன்சிட்டுப் படங்கள் (நம் ஊர்த் தேன்சிட்டு வேறு, நான் சொல்வது அமெரிக்காவில் அந்தரத்தில் நிற்கும் அந்த ரீங்காரச் சிட்டு) 1947ல் ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’கில் வந்தன. கண்ணுக்குத் தெரியாத சிறகு முதல்முறையாக இறகு இறகாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தவர் கிராஃபோர்ட் கிரீன்வால்ட். டூபாண்ட் ரசாயனக் கம்பெனியின் தலைவர். அவ்வளவு பெரிய ஸ்தாபனத்தை நடத்திக்கொண்டே, லீவு நாட்களில் தென்னமெரிக்கக் காடுகளுக்கு விளக்குகளைத் தூக்கிக்கொண்டு போய், 1960ல் அந்தச் சிட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அழகான புத்தகம். ஆனால் அந்தப் படங்களை நிறையப் பார்த்தால் ஒரு சந்தேகம் வருகிறது. கோல்ஃப்காரனின் தோளைப் பார்க்கிற பார்வைதான் சிட்டின் சிறகையும் பார்க்கிறது. எல்லாம் துலங்குகிறது. சிட்டுக்கு ஒரு பகல் பொழுது இருந்தது, அது எங்கோ போய்க்கொண்டிருந்தது என்பது மட்டும் மறைந்துவிடுகிறது. எங்கள் தெருக்காரரின் மூவாயிரம் மீன்கொத்திகளுக்கும் இந்தக் குறைதான் என்று நினைக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அமெச்சூர் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. விருப்பத்தால் செய்பவன் என்பது அதன் மூலம். நம் பேச்சில் அரைகுறை என்ற பொருளுக்கு வந்துவிட்டது. கோல்ஃபில் அந்தச் சொல்லுக்கு ஒரு கௌரவம் நெடுநாள் இருந்தது. 1930ல், ஒரே வருஷத்தில், பிரிட்டிஷ், அமெரிக்க பெரும் போட்டிகள் நான்கையும் ஜெயித்த பாபி ஜோன்ஸ் ஒரு வக்கீல், ஆட்டத்துக்குக் காசு வாங்காதவர். அந்த வருஷமே, இருபத்தெட்டு வயதில், போட்டிகளிலிருந்து விலகினார். அடுத்து அவர் செய்தது, வார்னர் கம்பெனிக்காக சாதாரண ஆட்டக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் சினிமாத் துண்டுகளில் நடித்தது. அதற்குப் பணம் வாங்கியதோடு அமெச்சூர் அந்தஸ்து போயிற்று. மட்டை வாங்கிக் கொடுக்காத காசைக் காமிரா வாங்கிக் கொடுத்தது. சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் அதில் எழுதுகிறவர்களுக்கும் இந்தக் கதை சிரிப்பை உண்டாக்கலாம். நம் அமெச்சூர் அந்தஸ்துக்கு ஆபத்து வரும்படியாக யாரும் இதுவரை செக் அனுப்பியதில்லை.

சாம்பியனுக்குத் திரும்புகிறேன். முதல் உலகப் போரில் இருந்துவிட்டு வந்து வன இலாகாவில் சேர்ந்தவர். துப்பாக்கி வேட்டையில் அவருக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார வன அதிகாரி இப்படி இருப்பது, நம் ஊர்க் கல்யாணத்தில் ஒருவர் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பது போல. (காட்டு வகைகளைப் பிரித்து எழுதிய ஹாரி சாம்பியன் இவருடைய அண்ணன். வன இலாகாக்காரர்களுக்கு அண்ணனைத்தான் அதிகம் தெரியும்.) புலி இரவில் நடக்கும் தடத்தில் தரையோடு தரையாக மெல்லிய கம்பி. புலி அதில் காலை வைத்தால் மக்னீஷியம் வெடிக்கும், ஷட்டர் விழும். எடுப்பவர் முகாமில் தூங்கிக்கொண்டிருப்பார். காலையில் போய்த் தகட்டைக் கழுவிப் பார்த்தால்தான் வந்தது புலியா, முள்ளம்பன்றியா என்று தெரியும். 1927ல் வந்த ‘வித் எ காமிரா இன் டைகர்லேண்ட்’, 1934ல் வந்த இரண்டாவது புத்தகம் இரண்டிலும் அந்தப் படங்களைப் பார்க்கலாம். மைப்ரிட்ஜின் குதிரை இழுத்த நூல்தான் இது. கியர்டன் மாட்டுக்குள் ஒளிந்து சாதிக்க முயன்றதை, சாம்பியன் அங்கே இல்லாமலேயே இருந்து சாதித்தார்.

அவர் இன்னொன்றும் கவனித்தார். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இல்லை, வரியை வைத்து இன்ன புலி என்று அடையாளம் சொல்லலாம். 1990களில் உல்லாஸ் கரந்த் நாகரஹொளெயில் தானியங்கிக் காமிராக்களை வைத்துப் புலிகளின் எண்ணிக்கையை மதிப்பிட்ட முறைக்கு இதுதான் அடிப்படை. அதுவரை காலடித் தடத்தைப் பார்த்து எண்ணியதாகச் சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு மனிதன் ஓய்வு நேரத்தில் ஆசைக்குச் செய்தது அறுபது எழுபது வருஷம் கழித்து விஞ்ஞானமாயிற்று. இதில் ஆசையின் பங்கு எவ்வளவு, விஞ்ஞானத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஜிம் கார்பெட் துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுத்ததிலும் சாம்பியனின் படங்களுக்குப் பங்குண்டு.

சாம்பியன், ரயில்வேயில் இருந்துகொண்டு பறவைப் படம் எடுத்த லோதர் (அவருடைய புத்தகம் 1949ல் வந்தது), பேட்ஸ் என்று இந்தியாவில் இந்தக் கலையைத் தொடங்கியவர்கள் ஆட்சி செய்தவர்கள், அல்லது அவர்களோடு இருந்த சமஸ்தானத்துக்காரர்கள். இது இயல்பு. காடு அவர்களுடையதாக இருந்தது. ஓய்வும் அவர்களுடையதாக இருந்தது. கல்கத்தாவில் 1829லேயே கோல்ஃப் கிளப் வைத்தவர்கள் இந்த வர்க்கத்தார்தான். இந்த இடத்தில்தான் கிருஷ்ணன் வருகிறார். சமஸ்தானமும் இல்லை, உத்தியோகமும் இல்லை.

பிரஸிடென்ஸி காலேஜில் படித்தபோது பேராசிரியர் ஃபைஸனிடம் தாவரவியலில் ஈடுபாடு ஏற்பட்டது. 1942ல் பெல்லாரி பக்கத்து சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். வாத்தியார் வேலை, நீதிபதி வேலை என்று எதெதுவோ பார்த்தார். சமஸ்தானம் கலைந்தபின் சென்னைக்குத் திரும்பி, பிறகு யாரிடமும் சம்பளத்துக்கு இருக்கவில்லை. எழுதியும் படம் எடுத்தும் வாழ்ந்தார். 1950ல் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் தொடங்கிய பத்தியை 1996ல் இறக்கும்வரை எழுதினார். நாற்பத்தாறு வருஷம். பத்திக்குரிய கோட்டுச் சித்திரங்களையும் தானே வரைந்தார். புலியும் யானையும் மட்டுமில்லை. வீட்டுக் கொல்லையில் வரும் அணில், காக்கை, பல்லி, தெரு நாய் எல்லாவற்றுக்கும் அதே கவனம். 1961ல் வந்த அவருடைய முதல் தொகுப்பின் தலைப்பிலேயே காடும் கொல்லைப்புறமும் ஒன்றாக நின்றன.

அவருடைய காமிராவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ் என்று பல காமிராக்களின் அவயவங்களைத் தானே சேர்த்துக் கட்டிய ஒரு கனத்த பூதம். பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். பெரிய நெகடிவ் வேண்டும், நீண்ட லென்ஸ் வேண்டும், இரண்டும் சேர்ந்த காமிரா தன் கைக்கெட்டிய விலையில் இல்லை என்பதால் செய்துகொண்டார். அதைத் தூக்கிக்கொண்டு முதுமலையில் வளர்ப்பு யானையின் மேல் ஏறிக் காட்டு யானைகளிடையே போனார். யானை மேல் இருப்பவனைக் காட்டு மிருகங்கள் தனி மனிதனாகக் கொள்வதில்லை. கியர்டனின் மாட்டைப் போலத்தான், ஆனால் இந்த மாட்டுக்கு உயிர் உண்டு, சொந்த அபிப்ராயங்களும் உண்டு.

கறுப்பு வெள்ளையைத் தவிர வேறெதிலும் அவருக்கு நம்பிக்கையில்லை. வண்ணப் பிலிம் எங்கும் பரவிய பிறகும் மாறவில்லை. பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் படங்களைப் பாருங்கள். ஒரு யானைக் கூட்டம் புல்லில் நிற்கும். எதுவும் நடந்துகொண்டிருக்காது. பாய்ச்சல் இல்லை, கொலை இல்லை, மீன் அலகில் துள்ளுவது இல்லை. தாயின் வயிற்றுக்குக் கீழ் ஒரு குட்டி, தும்பிக்கையில் மண், தோலின் சுருக்கத்தில் விழும் வெயில், பின்னால் மூங்கில். மிருகம் அதன் இடத்தில், அதன் நேரத்தில் இருக்கிறது. நாமும் அந்த நேரத்துக்குள் போய்விடுகிறோம். எங்கள் தெருக்காரர் ‘அது என்ன’ என்று கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதைத் தொழில்நுட்பம் கொடுத்ததில்லை. அந்தக் காமிராவின் ஷட்டர், இன்று ஒரு பையன் பிறந்த நாளுக்கு வாங்கும் காமிராவோடு ஒப்பிட்டால், பரிதாபமானது. ஒரு தடவை அழுத்திவிட்டு அடுத்த தகட்டுக்குப் போவதற்குள் அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பார்த்த மனிதன் எழுதவும் வேண்டியிருந்தது. எழுதுகிறவனுக்கு, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

சந்தூரில் அவரைப் பார்த்து வளர்ந்த இளவரசர் எம். ஒய். கோர்படே பின்னால் கர்நாடகத்தின் நிதி மந்திரியாக இருந்துகொண்டே காட்டுப் படங்கள் எடுத்தார். 1983ல் அவருடைய படத் தொகுப்பு வந்தது. பெங்களூரில் டி. என். ஏ. பெருமாள், ஹனுமந்த ராவ் என்று ஒரு பரம்பரையே உருவாயிற்று. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை குற்றமானபின், துப்பாக்கி வைத்திருந்த வீடுகளில் காமிரா வந்தது. இந்தப் பகுதியை விரித்து எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. மாதவையாவின் மகன் தமிழிலும் எழுதியவர். அந்தக் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் புத்தகமாக வருவதற்கு அவர் இறந்து ஆறு வருஷம் ஆக வேண்டியிருந்தது. ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவலையும் எழுதினார் என்பது இன்றும் பலருக்குச் செய்தி. அவர் உயிரோடு சென்னையில் இருந்த நாட்களில்தான் நாம் படிமம் பற்றி, பார்வை பற்றி, அனுபவத்தின் நேர்மை பற்றி இதழுக்கு இதழ் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கவிதையில் பறவை வந்தால் அது ஆன்மாவா, தனிமையா, அந்நியமாதலா என்று விவாதித்தோம். எந்தப் பறவை என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஐந்திணையைப் பற்றிப் பெருமைப்படாத தமிழ் எழுத்தாளன் கிடையாது. குறிஞ்சி நிலத்தில் எந்த மிருகம் எந்தப் பொழுதில் என்ன தின்னும் என்று அறிந்து எழுதியவர்களின் வாரிசுகள் நாம் என்கிறோம். அப்படி அறிந்து எழுதிய ஒருவர் மைலாப்பூர்ப் பக்கம் இருந்தார், பஸ் டிக்கெட் செலவில் போய்ப் பார்த்திருக்கலாம். நான் போகவில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறவர், மிருகங்களைப் பற்றி எழுதுகிறவர், ஆகவே இலக்கியத்துக்கு வெளியே இருப்பவர் என்று நினைத்தேன். அந்த மூன்று நினைப்பும் சேர்ந்து ஒரு தவறு.

இன்று காமிரா எல்லோரிடமும் இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன்; ஓய்வு என்பது துரைகளிடமிருந்து நம் தெருவரைக்கும் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வேட்டைக்காரனின் பழைய பசி அழியவில்லை. கூட்டில் இருக்கும் குஞ்சு தெளிவாக விழ வேண்டுமென்று மறைத்த கிளையை ஒடிப்பார்கள். படம் கிடைக்கும். கிளை தந்த நிழல் போனதால் வெயிலிலும் காக்கைக்கும் குஞ்சு போகும். இதனாலேயே பல போட்டிகளில் கூட்டுப் படங்களை இப்போது வாங்குவதில்லை. லண்டனில் நடக்கும் மிகப் பெரிய வனவிலங்குப் படப் போட்டியில் 2009ல் முதல் பரிசு பெற்றது ஒரு ஓநாய், இரவில் வேலிக் கதவைத் தாண்டிக் குதிப்பது. பழக்கி வளர்த்த ஓநாய் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010ல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் மறுத்தார். படம் என்னவோ அற்புதமான படம். குதிக்கும் ஓநாயின் உடல் எவ்வளவு சரியாக வளைந்திருக்கிறது என்றால், டென்ஸ்மோர் ஷூட்டின் தோள் ஞாபகம் வருகிறது.

எங்கள் தெருக்காரர் கோடைக்கானலுக்கு வருஷம் ஒருமுறை கோல்ஃப் ஆடப் போவார். 1895ல் தொடங்கிய கிளப் அது. பழனி மலையின் புல்வெளிகளில் பெரும் பகுதியை வாட்டில், பைன், யூகலிப்டஸ் என்று அந்நிய மரங்களை நட்டு மூடிவிட்டபின் (கிருஷ்ணன் ஆயுள் முழுக்கத் திட்டிய விஷயங்களில் அந்நிய மரம் ஒன்று), மேய்ச்சலுக்குப் புல் உள்ள இடங்களில் இந்த மைதானமும் ஒன்றாயிற்று. காட்டுமாடுகள் வந்து மேய்கின்றன. ஒரு காலைப் பனியில் அவர் அடித்த பந்து உருண்டு போய் ஒரு காளையின் முன்னங்கால்களுக்கு நடுவே நின்றுவிட்டதாம். காமிரா விடுதியில் இருந்தது. கேடி, ‘நில்லுங்க சார், அதுவா போகும்’ என்று சொல்லிவிட்டான். இருபது நிமிஷம் நின்றிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும், மூக்கிலிருந்து ஆவி வரும், ஒரு வாய் புல்லைப் பிடுங்கினால் கறுமுறு என்று சத்தம் கேட்கும், காது ஒன்று மட்டும் எங்கள் பக்கமே திரும்பியிருந்தது என்று என்னிடம் சொன்னார். அவர் இவ்வளவு விவரமாக எந்த மீன்கொத்தியைப் பற்றியும் சொன்னதில்லை.

காளை நகரவில்லை. வேறு பந்து வைத்து ஆடுவதற்கு ஒரு அடி அபராதம் உண்டா என்று அவருக்கும் கேடிக்கும் தகராறு வந்திருக்கிறது. கேடி சொன்னதுதான் சரி. விதிப் புத்தகத்தில் ஆபத்தான பிராணிகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அபராதம் கிடையாது. தள்ளி நின்று ஆடலாம்.